செருப்புக் காலோடு போனால் நல்ல ஸ்டேக் கிடைக்காதா?

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் ஒரு வாரம் விடுமுறைக்குப் போகிறோம். ஆளுக்கு ஒரு கைப்பெட்டிதான். டி-ஷர்ட், ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, செருப்பு, அவ்வளவுதான் சாமான். கோட்டையும் பாலிஷ் போட்ட ஷூவையும் சுமக்க இஷ்டமில்லை. ஆனால் ஒரு ராத்திரியாவது நல்ல மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிட வேண்டும். போன முறை ஒரு பெரிய ஸ்டேக் உணவகத்தில் என் உடையைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் உடை பார்க்காத ஓர் இடத்தில் சாப்பிட்டோம். வெளியே கறுப்பு, உள்ளே சாம்பல் நிறம், மெல்லவே முடியவில்லை. நல்ல ஸ்டேக் வேண்டும் என்றால் நல்ல உடை போட்டே ஆக வேண்டுமா? இன்னொன்று, மீடியம் ரேர், அதாவது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் அரைவேக்காடு கேட்டால் தட்டில் ரத்தம் நிற்கும் என்று மனைவி தயங்குகிறார்.

பதில்: உடை விதி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போட்டது. ஸ்டேக் எப்படி இருக்கும் என்பது சமையலறையில் முடிவாகிறது. எந்தப் பகுதியின் வெட்டு, எவ்வளவு தடிமன், அடுப்பில் எவ்வளவு சூடு, எப்போது இறக்கினார்கள் என்ற நாலும் சரியாக இருந்தால் மேஜைமேல் வெள்ளைத் துணி இல்லாவிட்டாலும் ஸ்டேக் நன்றாக இருக்கும். இதில் ஒன்று தவறினாலும், சரவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாலும் தோலைத்தான் மெல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் இரண்டாம் நாள் ஸ்டேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கறுத்திருந்தது என்கிறீர்கள். அப்படியானால் அடுப்பில் சூடு குறைவில்லை. துண்டுதான் மெலிசு. இறைச்சியின் மேற்பரப்பு பழுப்பேறி மணம் வர அது 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. அந்த ஈரம் வற்றி, பிறகு நிறம் ஏறுவதற்குள் சூடு உள்ளேயும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றரை செ.மீ. துண்டில் மேலே நிறம் வரும்போது நடுப்பகுதி எளிதில் 70 டிகிரியைத் தொட்டுவிடும், தசைநார் சுருங்கிச் சாறு வெளியேறிவிடும். கைதேர்ந்த சமையல்காரருக்கும் இதைத் தடுப்பது சிரமம். மேலே மொறுமொறுப்பும் உள்ளே இளஞ்சிவப்பும் சேர்ந்து வர ஸ்டேக் குறைந்தது 3.5 செ.மீ. இருக்க வேண்டும், 4 இருந்தால் இன்னும் நல்லது. வெளியேயும் சாம்பல், உள்ளேயும் சாம்பல் என்று எழுதியிருந்தால் அடுப்பைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

ஆகவே உணவகம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது தடிமன். மெனுவில் அதைப் போட மாட்டார்கள், எடையைத்தான் போடுவார்கள். எடையிலிருந்து தடிமனை ஊகிக்கலாம். ரிப்-ஐ என்பது மாட்டின் விலாப் பகுதியிலிருந்து வரும் அகலமான வெட்டு. எலும்பில்லாத ரிப்-ஐ 3.5, 4 செ.மீ. தடிமனில் இருந்தால் ஏறக்குறைய 450 கிராமுக்குக் குறையாது. மெனுவில் 225 கிராம் ரிப்-ஐ என்று பார்த்தால் அது மெலிசுத் துண்டு, சந்தேகமே வேண்டாம். ஃபிலே எனப்படும் டெண்டர்லாயின், முதுகெலும்பை ஒட்டிய மென்மையான பகுதி, நேர்மாறு. அதன் சுற்றளவு சின்னது, 225 கிராமே 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். இதனால்தான் சுமாரான இடங்களில்கூட ஃபிலே ஓரளவு தப்பித்துவிடுகிறது. இருவருக்கும் ரிப்-ஐ வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு 225 கிராம் துண்டு வாங்காதீர்கள். 450 அல்லது 500 கிராமில் ஒன்று வாங்கி, வெட்டி நடுவில் வைக்கச் சொல்லுங்கள். காசு கிட்டத்தட்ட அதேதான், சாப்பாடு வேறு. மெனுவில் அவுன்ஸ் கணக்கு இருந்தால் 8 அவுன்ஸ் 227 கிராம், 16 அவுன்ஸ் 454 கிராம். எல்லாமே பச்சை இறைச்சியின் எடை. வெந்தபின் நாலில் ஒரு பங்குவரை குறையும்.

மெனுவை முதல்நாளே போனில் பார்த்துவிடலாம். வெட்டின் பெயர், எடை, தரம், பதப்படுத்திய நாள் கணக்கு, எந்த நெருப்பு என்பதெல்லாம் எழுதியிருந்தால் அங்கே இறைச்சியைப் பற்றி யோசிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். "காளான் சாஸுடன் கிரில் ஸ்டேக்" என்று மட்டும் இருந்து, எந்தப் பகுதி என்றே சொல்லாவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள். பத்துப் பக்க மெனுவில் பாஸ்தா, மீன், பர்கர், நூடுல்ஸுக்கு நடுவே ஒரு ஸ்டேக் ஒளிந்திருந்தாலும் அப்படியே. அந்த அடுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டேக் ஏறும், அவர்களுக்கு எப்படிக் கை பழகும்?

உணவகம் போடும் படங்களை விடுங்கள், சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். அதிலும் முழு ஸ்டேக் படம் பிரயோஜனமில்லை, வெட்டிய முகம் தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இளஞ்சிவப்பாக, வெளியே மெல்லிய பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் அந்தச் சமையலறைக்கு வேலை தெரியும். நடுவில் விரல் அகலத்துக்கு மட்டும் சிவப்பு, இரண்டு பக்கமும் தடித்த சாம்பல் பட்டை என்றால் அவசரத்தில் வேகவைத்தது. தட்டு முழுக்கச் செந்நீர் தேங்கியிருந்தால் ஆற விடாமல் வெட்டியது. நாலைந்து படங்களில் இது ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் தவறுவது எல்லா இடத்திலும் நடக்கும்.

மெனுவில் வரும் சில சொற்களுக்குப் பணம் கொடுக்குமுன் அவற்றின் பெறுமதி தெரிய வேண்டும். பிரைம், சாய்ஸ், செலக்ட் என்பவை அமெரிக்க அரசின் தர முத்திரைகள். தசைக்குள் ஓடும் வெள்ளைக் கொழுப்பு இழை எவ்வளவு என்பதும் மாட்டின் முதிர்ச்சியும் பார்த்துத் தருவது. பிரைம் மேலானது, ஆனால் கொழுப்பு நன்றாக ஓடும் ரிப்-ஐ வெட்டில் நல்ல சாய்ஸே போதும். கொழுப்பு குறைவான ஃபிலேவுக்கு பிரைம் விலை கொடுப்பதில் லாபம் குறைவு. ஆங்கஸ் என்பது மாட்டின் இனம். அந்தச் சொல் மட்டும் தரத்துக்கு உத்தரவாதமில்லை. ஜப்பானிய மாட்டிறைச்சியான வாக்யுவில் ஏ5 என்றால் ஏ என்ற எழுத்து ஒரு உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதைச் சொல்கிறது, 5 என்ற எண்தான் தரத்தைச் சொல்கிறது. அது வெண்ணெய் போன்ற கொழுப்பு. ஆளுக்கு 100 கிராமுக்கு மேல் இறங்காது. பெரிய துண்டை வெட்டி வெட்டிச் சாப்பிடும் ராத்திரிதான் உங்கள் ஆசை என்றால் ஏ5 பக்கம் போக வேண்டாம்.

டிரை ஏஜ்டு என்று போட்டிருந்தால் எத்தனை நாள் என்று கேளுங்கள். 0 முதல் 4 டிகிரிக்குள் காற்றோட்டமான குளிரறையில் மூடாமல் தொங்கவிட்டோ தட்டில் வைத்தோ இறைச்சியைப் பதப்படுத்துவது அது. ஈரம் வற்றிச் சுவை திரளும், இறைச்சியின் சொந்த நொதிகள் தசையைத் தளர்த்தும். காய்ந்த மேல்தோலை அரிந்து எறிய வேண்டும், எடையும் குறையும், அதனால்தான் அந்த விலை. மென்மை பெரும்பாலும் முதல் மூன்று, நாலு வாரத்திலேயே வந்துவிடும். அதற்குமேல் ஏறுவது வாசனை. 60 நாளைத் தாண்டினால் முற்றிய சீஸின் நெடி வரும். பிடித்தவர்களுக்கு அது உயிர். முதல் தடவைக்கு 28 நாள் போதும்.

இனி உடை. ஸ்டேக் உணவகங்கள் பொதுவாக மறுப்பவை: ஆண்களின் கையில்லாச் சட்டை, நீச்சலுடை, ஜிம் உடை, கிழிந்த ஜீன்ஸ், தொப்பி, ரப்பர் செருப்பு, பல இடங்களில் ராத்திரி நேரத்தில் ஆண்களின் அரைக்கால் சட்டை. உணவகத்தின் இணையப் பக்கத்தில் ஸ்மார்ட் கேஷுவல் என்று போட்டிருந்தால் கோட் தேவையில்லை. காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ இருந்தால் போதும். பிசினஸ் கேஷுவல், அதாவது அலுவலகத்துக்குப் போகிற மாதிரி உடை என்றால் ஜீன்ஸைச் சில இடங்களில் யோசிப்பார்கள். ஜாக்கெட் கட்டாயம் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் சில இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள். பெண்களின் உடையில் இவ்வளவு கெடுபிடி இருப்பதில்லை, தட்டையான செருப்பானாலும் ரப்பரில் இல்லாவிட்டால் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் கைப்பெட்டியில் கூடுதலாக ஒன்றே ஒன்று வையுங்கள், அடர்நிறத்தில் காலர் வைத்த பின்னல் டி-ஷர்ட். இஸ்திரி கேட்காது, சுருட்டி வைத்தால் உள்ளங்கை அளவு. பயணத்தன்று கிழியாத அடர்நீல ஜீன்ஸையும் எழுத்தும் படமும் இல்லாத கறுப்பு கேன்வாஸ் ஷூவையும் போட்டுக்கொண்டே கிளம்புங்கள், பெட்டியில் இடமே பிடிக்காது. இந்தக் கூட்டணிக்குப் பத்தில் எட்டுக் கதவுகள் திறக்கும் என்பது என் கணிப்பு.

இதுவும் வேண்டாம், டி-ஷர்ட்டோடுதான் போவேன் என்றாலும் வழியிருக்கிறது. பெரிய ஸ்டேக் உணவகங்கள் பலவற்றில் பார் பகுதிக்கு உடை விதி தளர்வு. முன்பதிவும் வேண்டாம், அடுப்பு அதே அடுப்புதான். ஆனால் சில இடங்களில் பாருக்குத் தனியாக ஒரு குட்டி மெனுதான் கொடுப்பார்கள், பர்கரும் வறுவலுமாக இருக்கும். முழு மெனுவும் பாரில் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மதிய வேளையிலும் திறக்கிற இடமென்றால் இன்னும் சுலபம். உடையைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள், விலையும் பல இடங்களில் இறங்கும். மதிய மெனுவில் வெட்டு மெலிசாக இருக்கலாம், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் "டிரஸ் கோட் உண்டா?" என்று கேட்காதீர்கள். எழுதி வைத்திருப்பதை அப்படியே ஒப்பிப்பார்கள். போட்டுக்கொண்டு வரப்போவதைச் சொல்லிக் கேளுங்கள்: "இன்று ராத்திரி இரண்டு பேர். நான் ஜீன்ஸ், காலர் வைத்த டி-ஷர்ட், கேன்வாஸ் ஷூவில் வருவேன். கூடத்தில் உட்காரலாமா, பாரில் மட்டும்தானா?" சரி என்று சொன்னவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் வாசலில் பேச்சு வளராது. அதே போனில் இன்னும் மூன்று கேள்வி. ரிப்-ஐ எவ்வளவு தடிமன்? கரியா, விறகா, கேஸா, இரும்புக் கல்லா? இறைச்சியை ஊசிக் கத்தியால் குத்தி மென்மையாக்கியிருக்கிறீர்களா? எந்த நெருப்பு என்பதில் தப்பான பதில் கிடையாது. கரி புகைமணம் தரும், மேலிருந்து அனல் அடிக்கும் கேஸ் அடுப்பு சீரான மொறுமொறுப்பு தரும். பதில் தெரியாவிட்டால் "இருங்கள், உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்று போகிற இடத்துக்கு நம்பிப் போகலாம். "எல்லாமே நன்றாக இருக்கும் சார்" என்ற பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பேன்.

உடையைப் பற்றிக் கவலையே படாமல் இறைச்சியில் மட்டும் கண்ணாக இருக்கும் இடங்களும் உண்டு. இறைச்சிக் கடைக்காரரே நாலு மேஜை போட்டு நடத்தும் இடம் அவற்றில் முதல். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைக் காட்டி இந்தத் தடிமனில் வெட்டுங்கள் என்று சொல்லலாம், எடைபோட்டு அங்கேயே சுட்டுத் தருவார்கள். போகிற ஊரில் அப்படி எதுவும் கண்ணில் படாவிட்டால், நல்ல இறைச்சிக் கடை ஒன்றில் நுழைந்து, உங்களிடம் யார் யார் வாங்குகிறார்கள், நீங்கள் எங்கே போய்ச் சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். விடுதி வரவேற்பறையில் கேட்பதைவிட இது மேல்.

இடம் பிடித்தாயிற்று. கடை திறந்து அரை மணி நேரம் கழித்துப் போய் உட்காருங்கள். கரி தணலாகியிருக்கும், கூட்டம் இருக்காது. ஒரே நேரத்தில் இருபது ஸ்டேக் அடுப்பில் கிடக்கும்போதுதான் பக்குவம் தவறுகிறது. பக்குவத்தைச் சொல்லும்போது பெயரோடு நிறத்தையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஒரு கடையின் மீடியம் இன்னொரு கடையின் மீடியம் ரேர். நடுப்பகுதியின் வெப்பம் ரேர் என்றால் 50 டிகிரி சுமார், மீடியம் ரேர் 54 முதல் 57, மீடியம் 60 முதல் 63, வெல் டன் 70க்கு மேல். எல்லா வெட்டையும் மீடியம் ரேரில்தான் சாப்பிட வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. ஃபிலேவுக்கு அது சரி. ரிப்-ஐயில் தடித்த கொழுப்பு இருக்கிறது, அது உருக வேண்டும். மீடியம் ரேருக்கும் மீடியத்துக்கும் நடுவில் கேட்பதே உத்தமம். ஹேங்கர், ஸ்கர்ட் போன்ற நார் தடித்த வெட்டுகளை மீடியத்தைத் தாண்ட விடக்கூடாது, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து தரச் சொல்ல வேண்டும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் அதே துண்டு ரப்பர்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: தட்டில் தெரிவது ரத்தமில்லை. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடுகிறது. அது தண்ணீரும் மயோகுளோபின் என்ற புரதமும் கலந்த சாறு, தசைக்குச் சிவப்பு நிறம் தருவதே அந்தப் புரதம்தான். அடுப்பிலிருந்து எடுத்து 5 முதல் 10 நிமிடம் ஆற விட்டால் சாறு கெட்டியாகித் துண்டுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும், தட்டில் தேங்காது. ஆறவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியே ஆர்டர் கொடுக்கலாம். அவருக்கு மீடியம் பொருத்தமாக இருக்கும், உள்ளே வெதுவெதுப்பான வெளிர்சிவப்புதான் தெரியும். நன்றாக வெந்தால்தான் இறங்கும் என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது ஃபிலே வேண்டாம், வைக்கோல் ஆகிவிடும். ரிப்-ஐ கேளுங்கள், அதன் கொழுப்பு வறட்சியை ஓரளவு தாங்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், நெருப்பில் செத்துவிடும். ஊசிக் கத்தியால் குத்திய இறைச்சியில் அந்தக் கிருமி உள்ளே போயிருக்கலாம், அதனால்தான் போனில் அந்தக் கேள்வி. முழுத் துண்டுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு 63 டிகிரியும் 3 நிமிட ஆறலும். கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், குத்திய இறைச்சியைச் சாப்பிடுபவர்கள் அதற்குக் கீழே போகக்கூடாது. கொத்திய இறைச்சி பர்கருக்கு 71.

ஆர்டர் கொடுக்குமுன் மெனுவில் 100 கிராமுக்கு விலை போட்டிருக்கிறதா, முழுத் துண்டுக்கா என்று பாருங்கள். நீள எலும்போடு வரும் டோமஹாக் வெறும் ரிப்-ஐதான், அந்தக் கைப்பிடி எலும்புக்கும் எடை போட்டு வாங்குவார்கள். உருளைக்கிழங்கு, கீரை, சாஸ் எல்லாம் பல இடங்களில் தனி விலை. சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். ஸ்டேக்மேல் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய மொறுமொறுப்பு இரண்டு நிமிடத்தில் நனைந்துவிடும்.

தட்டு வந்ததும் ஓரத்திலிருந்து ஆரம்பிக்காமல் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், பரிமாறியவர் நகர்வதற்கு முன்பே. கேட்டதைவிடக் குறைவாக வெந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் சரிசெய்வார்கள். கூடுதலாக வெந்திருந்தால் சரிசெய்ய வழியில்லை, வேறு துண்டு கேளுங்கள். "மீடியம் கேட்டேன், நடுவில் சாம்பலாக இருக்கிறது" என்று வெட்டிய இடத்தைக் காட்டினால் போதும். பாதி சாப்பிட்டபின் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தங்குமிடத்தில் சமையலறை இருந்தால், எந்த உடையிலும் சாப்பிடக்கூடிய கடைசி வழி ஒன்று. 4 செ.மீ. ரிப்-ஐ ஒன்றை வெட்டி வாங்குங்கள். கையடக்கமான இறைச்சி வெப்பமானி ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், சமையலில் பாதி தப்பு அது இல்லாததால் வருவது. உப்பைச் சமைப்பதற்கு 40 நிமிடம் முன்பாவது தடவ வேண்டும், முடியாவிட்டால் அடுப்பில் போடும் அந்த நிமிடத்தில் தடவ வேண்டும். நடுவில் பத்து, இருபது நிமிடத்தில் போட்டால் உப்பு இழுத்த தண்ணீர் மேலே நிற்கும், பழுப்பேறாது. ஓவனை 120 டிகிரியில் வைத்து, கம்பித் தட்டில் ஸ்டேக்கை வைத்து, நடுப்பகுதி 48 டிகிரி வரும்வரை விடுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி ஆகலாம், கடிகாரத்தை விட்டு வெப்பமானியைப் பாருங்கள். எடுத்துத் தாளால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கனமான சட்டியை எண்ணெயில் புகை எழும்வரை காய்ச்சி, பக்கத்துக்கு ஒரு நிமிடம், கொழுப்பு ஓரத்தை நிறுத்திப் பிடித்து அரை நிமிடம். மீடியம் ரேர் வந்துவிடும், மனைவியின் பங்குக்கு இன்னும் கொஞ்சம் விடுங்கள். ஓவன் இல்லாமல் அடுப்பு மட்டும் இருந்தால் மிதமான தீயைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே சீராக ஏறும். சட்டியைக் காய்ச்சுமுன் ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டுவிடுங்கள். விடுமுறை வீடுகளில் புகை எச்சரிக்கை மணி பெரும்பாலும் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஜன்னல் திறக்காத அறை என்றால் இந்தச் சமையலே வேண்டாம், பாருக்குப் போய்விடுங்கள்.